ராணியின் நெஞ்சுவலிக்கு ஒரு சொல்

இரண்டு பெண்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தி இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஜெர்மானிய ராணி. இன்னொருத்தி இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன என் அக்கா. ராணியின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு புத்தகத்தை நான் தமிழில் மொழிபெயர்த்தேன். அந்த வேலையின் நடுவில், அக்காவைக் காப்பாற்ற ஒரு சந்தர்ப்பம் என் கையில் வந்து விழுந்தது. நான் அதை ஒரு நல்ல வாக்கியமாகப் பார்த்து எழுதிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இதை அக்கா மகளிடம் ரொம்ப நாள் நான் சொல்லவில்லை. அவள் இப்போது கல்பாக்கத்தை ஒட்டிய அணுபுரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருக்கிறாள். காலையில் நான் கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு காலேஜ் பஸ் ஏறப் போகும்போது "வரேன் சித்தி" என்பாள். அந்தச் சித்தியை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான் என் வாயைக் கட்டிப்போட்டது. இவ்வளவு நாள் கிடப்பில் கிடந்த புத்தகம் அச்சாகிவிட்டது, அடுத்த வாரம் பிரதிகள் வந்துவிடும் என்று பதிப்பாசிரியர் போன் செய்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

எனக்கு ஜெர்மன் வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஒரு தடவை மூன்று வருஷத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அவர் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். வீட்டில் நாளெல்லாம் ஹீட்டர் போடக் கூடாது என்று அவர் கண்டிப்பு. வெளிநாட்டுப் பெண்களுக்கு இலவசமாக நடந்த மொழி வகுப்பில் போய்க் கதகதப்பாக உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த பாவத்துக்கு மொழி ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்த பிறகு மாமல்லபுரத்துக்கு வரும் ஜெர்மன்காரர்களுக்கு ஐந்து ரதத்தையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிக் காட்டப் போவேன். அப்படி ஒரு கூட்டத்தோடு வந்த சென்னைக்காரர்தான் பதிப்பாசிரியர். சின்னப் பதிப்பகம். உலகத்து அரசிகள் என்று ஒரு வரிசை போடுகிறேன், ஜெர்மனிக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஒரு ராணி இருக்கிறாள், செய்து கொடுங்கள் என்றார். எனக்கும் பொழுது போகவில்லை. ஒத்துக்கொண்டேன்.

முதல் அத்தியாயத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராணிக்கு ஆறு வயசில் அம்மா செத்துப்போகிறாள். அப்பா, செத்தவளின் தங்கையையே கட்டிக்கொள்கிறார். அவளும் அடுத்த வருஷமே பிள்ளை பெற்றுவிட்டுப் போய்ச் சேர்கிறாள். மனைவியின் தங்கையை ஒருவர் ஏன் மணந்துகொண்டார் என்று புத்தகம் எழுதிய ஜெர்மன்காரர் ஒரு முழுப் பக்கம் விளக்கம் கொடுத்திருந்தார். நான் அதை இரண்டு வரியாக்கினேன். ஏன் வெட்டினீர்கள் என்று பதிப்பாசிரியர் கேட்டார். எங்க செங்கல்பட்டுப் பக்கம் இதுக்கு விளக்கம் கேக்கிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது சார் என்றேன்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. ராணியும் அவள் தங்கையும் அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு ஒரே அரண்மனைக்குப் போனார்கள். இரண்டு கல்யாணத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நாள் இடைவெளி. எங்களுக்கு அந்த ஒரு நாளும் கிடையாது. ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், ஒரே மேளம். அக்காவுக்கு அண்ணன், எனக்குத் தம்பி. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், செங்கல்பட்டுக்கு உள்ளே கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு டிராக்டரும் ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பிக்குக் கல்பாக்கத்தில் அரசாங்க வேலை. எனக்கு யோகம் என்றார்கள். அக்காவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அவள் எங்கே போனாலும் நன்றாக இருப்பாள் என்பது எல்லாருடைய முடிவு. இந்த முடிவு ஒரு மனுஷியின் தலையில் எவ்வளவு பெரிய சுமை என்று எனக்கு அப்போது தெரியாது. இதனால் அக்கா பிள்ளைகளுக்கு நான் அம்மா வழியிலும் சித்தி, அப்பா வழியிலும் சித்தி. தப்பிக்க வழியே இல்லாத சித்தி.

அக்காவை எல்லாருக்கும் பிடிக்கும். மாமியாருக்குப் பிடிக்கும், நாத்தனார்களுக்குப் பிடிக்கும், பால்காரருக்குப் பிடிக்கும், வயலுக்கு வரும் நடவு ஆட்களுக்குப் பிடிக்கும். கல்யாண வீட்டில் அவள் வந்து நின்றால்தான் பந்தி நகரும். எனக்கு நாக்கு நீளம், அதனால் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, நிம்மதியாக இருந்தேன். எல்லாருக்கும் பிடித்தவளாக இருப்பது ஒரு உத்தியோகம். லீவு கிடையாது, ரிட்டயர்மெண்ட் கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது, உடம்பு சரியில்லை என்று படுக்க முடியாது. ராணிக்கும் அதே உத்தியோகம்தான். தலைநகருக்கு முதல் தடவை வந்தபோது பாட்டுச் சொல்லி வரவேற்ற ஒரு குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டாள். அரண்மனை ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அதிர்ந்துபோனாள், ஊர் மட்டும் உருகிப்போனது. அந்த உருக்கத்தை அவள் சாகும்வரை சுமந்தாள். பத்துத் தடவை பிரசவம், தங்கியது ஏழு. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் நடனம், விருந்து, சிரிப்பு.

அக்காவுக்கு ஒரு பெண், பிறகு இரண்டு கலைந்துபோய், பிறகு ஒரு பையன். கலைந்த இரண்டு தடவையும் மூன்றாம் நாள் அடுப்படியில் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை என்று இன்றைக்கும் அந்த வீட்டில் சொல்வார்கள். உண்மைதான், சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பில் எனக்கும் பதிப்பாசிரியருக்கும் ஒரு பெரிய சண்டை வந்தது. ராணி தன் புருஷனை, ராஜாவை, ஒருமையில் கூப்பிட்டாள். அவர்கள் மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. அந்த அரண்மனையில் கட்டின பெண்டாட்டிகூட மரியாதையாகத்தான் பேச வேண்டும். இவள் நீ என்றாள், அவனும் நீ என்றான், அரண்மனையே முகம் சுளித்தது. நான் அப்படியே நீ போட்டு அனுப்பினேன். தமிழ் வாசகர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஒரு ராணி புருஷனை நீ என்பாளா என்று பதிப்பாசிரியர் எல்லாவற்றையும் நீங்கள் ஆக்கித் திருப்பி அனுப்பினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் சென்னையில் எந்த வீதியில் பிறந்தாரோ தெரியாது, எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் புருஷனை "மாமா, நீ துன்னியா" என்றுதான் கேட்பார்கள். அதில் மரியாதை குறைந்து எவனும் செத்ததில்லை. நான்தான் டவுன்ஷிப்புக்கு வந்து "என்னங்க" பழகிக்கொண்டவள்.

அக்காவிடம் போனில் கேட்டேன். அவள் புத்தகம் படிக்கிறவள் இல்லை. ஆனால் ராணி கதையை நான் ஒவ்வொரு அத்தியாயமாகச் சொல்லச் சொல்ல, பக்கத்துத் தெருப் பெண்ணின் கதை கேட்பதைப்போலக் கேட்பாள். மதியம் வேலை ஓய்ந்து இரண்டு மணிக்கு நான் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ராணி புருஷனை நீ என்று கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

"வெளிய ராஜா. வூட்ல இன்னா? நீ தான்."

இதைச் சொல்லிப் பதிப்பாசிரியரிடம் ஜெயித்தேன். அன்றிலிருந்து சொல் தட்டுப்பட்டால் அகராதியைப் பார்ப்பதற்கு முன்னால் அக்காவைக் கேட்பேன். பனிக்காற்றுக்கு, பிரசவ அறைக்கு, குழந்தை பால் கக்குவதற்கு, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சொல் இருந்தது. என் ஜெர்மன்கார ராணி செங்கல்பட்டுப் பெண்ணாக மாறிக்கொண்டே வந்தாள். எனக்கு அதில் கர்வம்.

புத்தகத்தின் நடுவில் யுத்தம் வருகிறது. பிரெஞ்சு சக்கரவர்த்தி வந்து ராணியின் நாடான பிரஷ்யாவை அடித்து நொறுக்கிவிடுகிறான். ராணி விஷக்காய்ச்சலோடு, பனியில், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாட்டின் மூலைக்கு ஓடுகிறாள். கடைசியில் ராஜாவுக்கும் மந்திரிகளுக்கும் ஒரு யோசனை தோன்றுகிறது. ராணி போய்ச் சக்கரவர்த்தியிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? அவள் முகத்தைப் பார்த்தால் இல்லையென்று சொல்ல வராதே. ஆண்கள் சண்டை போட்டுத் தோற்பார்கள், அதற்குப் பிறகு பெண் நல்ல உடை உடுத்திக்கொண்டு போய்க் கெஞ்ச வேண்டும். போனாள். நாட்டின் பாதியைக் காப்பாற்ற அவள் மன்றாடிக்கொண்டிருந்தபோது அவன் அவள் உடையைப் பார்த்து, இது என்ன துணி என்று விசாரித்தானாம். ஒன்றும் கொடுக்கவில்லை.

இந்த அத்தியாயத்தை நான் ஒரே மூச்சில் மொழிபெயர்த்தேன். அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் அக்காவோடு மாமல்லபுரம் போய்வந்திருந்தேன்.

மாமாவின் வயலுக்குப் போகிற வண்டிப்பாதையை, பக்கத்து நிலங்களை வாங்கி லேஅவுட் போட்ட ஒரு பெரிய மனிதர் கல்கால் நட்டுக் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். டிராக்டர் உள்ளே போக முடியவில்லை. மாமா சத்தம் போட்டுப் பார்த்தார், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார், மனுக் கொடுத்துப் பார்த்தார். கதிர் முற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரும் அந்த மந்திரிகளைப்போலவே யோசித்தார். அக்காவிடம் நீ போய் ஒரு வார்த்தை கேள் என்றார். அந்தப் பெரிய மனிதருக்கு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல ஒரு பங்களா. துணைக்கு நான் வந்தால் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசலாம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பெரிய மனிதர் மாடியில் இருந்தார். ஏறும்போது அக்கா பாதிப் படியில் நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பதைப்போல நின்றாள். என்னக்கா என்றேன், வெயில் என்றாள். இன்னும் நாலு படி ஏறி மறுபடி நின்றாள். மறுபடி வெயில். மாடிப்படி முழுக்க நிழல். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாவம், இவளுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார். உட்காருங்கம்மா, காபி சாப்பிடுங்கம்மா என்றார். அக்கா பாதையைப் பற்றிப் பேசினாள், அழகாகப் பேசினாள். மனசு இளகத்தான் இளகினார். உங்களைப்போல ஒரு தங்கச்சி எனக்கு இல்லையே என்றார். அவர் மனைவி உள்ளே போய்த் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, ஒரு புடவை வைத்துக் கொண்டுவந்து குங்குமம் கொடுத்தாள். பாதையைப் பற்றிக் கேட்டதற்கு, வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். புடவையை வாங்கிக்கொண்ட பிறகு மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வெற்றிலை பாக்கு வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும், எனக்குத்தான் படியிறங்கி வந்த பிறகு உறைத்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள் அக்கா. சேல நல்லாத்தான் கீது, வழிதான் இல்ல என்றாள். வீட்டில் போய்ச் சொன்னபோது மாமா அவளிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. யுத்தத்தில் தோற்றவர் அவர், குற்றவாளி அவள்.

அதற்கப்புறம் அக்கா கொஞ்சம் இளைத்துப்போனாள். ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. அந்த வீட்டில் அதற்கு ஒரு பெயர் இருந்தது, வாய்வு. எங்கள் பக்கத்தில் தொண்டைக்குக் கீழே இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் வாய்வுதான். ஓமம் மெல்லச் சொன்னார்கள், மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள், உருளைக்கிழங்கை நிறுத்தினார்கள். நானும் போனில் ஒரு நாள், சோடா குடிக்கா, ஏப்பம் விட்டா சரியாயிடும் என்று சொல்லியிருக்கிறேன். ஜெர்மனியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவள், விஞ்ஞானிகள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் குடியிருப்பவள் சொன்ன வைத்தியம் இது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். ராணி தன் அப்பாவைப் பார்க்கப் பிறந்த வீட்டுக்குப் போகிறாள். கல்யாணமான பிறகு ஒரு மகளாக அவள் சந்தோஷமாகப் போன பயணம் அது. போன இடத்தில் படுத்துவிடுகிறாள். காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல். பிறகு நெஞ்சில் ஏதோ செய்கிறது. அதற்கு ஜெர்மனில் ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தது. பிரித்தால் மார்பு, இழுப்பு என்று வரும். மார்பு வலி என்று போட்டேன், சப்பென்று இருந்தது. இழுப்பு என்றால் காக்காய் வலிப்பாகிவிடும். அகராதியைப் பார்த்தேன், வாயில் நுழையாத ஒரு சமஸ்கிருதச் சொல் இருந்தது. இரண்டு மணி ஆயிற்று. அக்காவைக் கூப்பிட்டேன்.

ராணி சாகக் கிடக்கிறாள் அக்கா, நெஞ்சில் வலி மாதிரி, ஆனால் வலி மட்டும் இல்லை, வந்து வந்து போகிறது, இதை நம்ம பக்கம் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன். அப்புறம் பேசினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"ஈரத்துணிய முறுக்கிப் புழியற மாரி உள்ள புழியும். அப்புறம் வுடும். வுட்டதும் கைகாலெல்லாம் சில்லுனு ஆயிடும். படுத்தா ஆவாது. ரெண்டு தலகாணி வச்சி செவுத்துல சாஞ்சிகினே ஒக்காந்திருந்தா கொஞ்சம் தேவல."

எனக்கு உடம்பு புல்லரித்தது. எழுதிக்கொள்கிறேன், இன்னொரு தடவை மெதுவாகச் சொல் என்றேன். சொன்னாள். அதே வார்த்தைகள், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூப்பர்க்கா, ராணியே வந்து சொன்னால்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்றேன். அவள் அப்புறம் என்று ஏதோ ஆரம்பித்தாள். எனக்கு எழுதுகிற அவசரம். நாளைக்குப் பேசறேன்க்கா, தேங்க்ஸ் என்று வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் அன்றைக்கே முடிந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல பக்கம் அதுதான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் அக்கா உயிரோடு இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளில் இரண்டு தடவைதான் பேசினோம். இரண்டு தடவையும், நீ எப்ப வர என்று கேட்டாள். இந்த வாரம் வரியா என்றாள். புத்தகம் முடியட்டும், முடித்துவிட்டு வந்து ரெண்டு நாள் இருக்கிறேன் என்றேன். பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, பையனுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தவள் சீப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இப்படி, படியேறினால் மூச்சு வாங்குமா, படுக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டே தூங்கினார்களா என்று சின்ன வயசு டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் தெரியாது சார், வாய்வுன்னாங்க என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு இரண்டு மொழியில் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராணிக்குச் சாகும்போது முப்பத்து நாலு வயசு. அக்காவுக்கு நாற்பது. ராணி செத்த பிறகு திறந்து பார்த்துவிட்டு, நுரையீரலில் ஒன்று கெட்டுப்போயிருந்தது, இருதயத்தில் ஒரு கட்டி இருந்தது என்று எழுதி வைத்தார்கள். ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நாட்டுக்காக வருந்தி நெஞ்சு வெடித்துச் செத்தாள் என்று சொல்லி அவளைத் தெய்வமாக்கிவிட்டது. தெய்வமாக்கிவிட்டால் ஒரு சௌகரியம், உயிரோடு இருந்தபோது என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நிறைய பூ வைத்து, மஞ்சள் பூசி, பட்டுப் புடவை போர்த்திக் கிடத்தியிருந்தவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பெண்கள், மகராசி, பூவும் பொட்டுமாப் போயிட்டா என்று பாடினார்கள். மகராசி என்றால் ராணி. புருஷனுக்கு முன்னால் செத்தால்தான் எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டம் கொடுப்பார்கள். எழுந்துபோய் ஒவ்வொருத்தி வாயிலும் துணியை அடைக்கலாமா என்று இருந்தது. என் வாயில்தான் முதலில் அடைக்க வேண்டும், அதனால் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்திலேயே மாமாவுக்கு இன்னொரு கல்யாணம் என்ற பேச்சு வந்துவிட்டது. செத்தவளுக்குக் கல்யாணமாகாத தங்கச்சி இருந்தால் எவ்வளவு நல்லது என்று ஒரு கிழவர் என் காதுபடவே வருத்தப்பட்டார். அந்த ராஜாகூடப் பதினாலு வருஷம் பொறுத்தான். மாமா பதினோரு மாசம் பொறுத்தார். கடப்பாக்கத்துப் பக்கத்துப் பெண். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் அக்கா மகள் இரண்டு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காலேஜ் இங்கேயிருந்து கிட்ட சித்தி என்றாள். கிட்டத்தில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன புதன்கிழமை பிரதிகள் வந்தன. பார்சலைப் பிரிக்காமல் பீரோவுக்கு மேலே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். அக்கா மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லவில்லை என்றால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று, பார்சலைக் கிழித்து ஒரு பிரதியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். படி என்றேன்.

படித்தாள். ராணியின் நெஞ்சுக்குள் ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோலப் பிழிந்தது, பிறகு விட்டது, விட்டதும் கைகால் சில்லென்று ஆனது, படுக்க முடியாமல் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. பேச்சுத் தமிழை நல்ல தமிழாக மாற்றியது மட்டும்தான் நான் செய்தது.

இது உங்கம்மா சொன்னது என்றேன். ராணிக்கு என்று நான் கேட்டேன், அவள் தனக்குச் சொன்னாள், எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள எனக்கு நேரம் இல்லை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வாக்கியமும் வரவில்லை. திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன்.

"தெரியும் சித்தி," என்றாள். "நான் பக்கத்துலதான் ஒக்காந்து படிச்சிகினு இருந்தேன்."

அவளுக்கு அப்போது ப்ளஸ் டூ பரீட்சை நேரம். படிப்பதற்கு வீட்டில் இருந்திருக்கிறாள். அம்மா போனில் அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாளாம். அதுவரைக்கும் அவளுக்கும் தெரியாது. தனக்குத் தெரியாதது எதுவும் அம்மாவுக்கு இருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். போனை வைத்துவிட்டு அக்கா ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக இருந்தாளாம்.

"உன் சித்திகிட்ட சொல்லிட்டேன், அவ வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவா, நீ அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத, அவுரு வேற வேலிப் பேஜார்ல கீறாருன்னு சொன்னாங்க. அதான் நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டேன்."

இரண்டு வருஷமாக இந்தப் பெண், அதில் ஒரு வருஷம் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உன் தப்பு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அன்றைக்கே ஒரு பை எடுத்து வைத்தாங்க என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக, மாற்றுப் புடவை ஒன்று, துண்டு, சோப்பு, டம்ளர், ஆதார் அட்டை, பிரசவ காலத்துப் பழைய ரிப்போர்ட்டுகள். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாங்க. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாங்க. பத்தொன்பது நாளும் அந்தப் பை அங்கேயே தொங்கியது.

அந்தப் பையை யார் பிரித்தது என்று கேட்டேன்.

"நான்தான்," என்றாள்.